முக்கோணியில் மூன்று வகை: ஈக்கிலும் கணனியிலும் செய்து பார்ப்போம்



இந்த முறை நமது பாடம் கணிதம். "கணக்கா? அது நமக்கு எங்க வரப்போகுது" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கொழுந்து நிறுக்கும்போது ஒரு கிலோ குறைத்துப் போட்டாலும் உடனே கண்டுபிடித்துக் கேட்கிறவர்கள் நீங்கள். கணக்குத் தெரியாதவர்கள் என்று உங்களை யாரும் சொல்ல முடியாது. புத்தகத்தில் இருக்கும் கணக்கின் பெயர்கள்தான் நமக்குப் பழக்கமில்லை.

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் சித்தியடையாத பிள்ளைக்கு மேலே படிக்கவும் தொழிற்பயிற்சிக்குப் போகவும் பல கதவுகள் மூடிக்கொள்கின்றன. பரீட்சை நெருங்கிய பிறகு ஓடி ஓடிப் படித்துப் பயனில்லை. ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்பிலேயே சின்னச் சின்னப் படிகளைத் தெளிவாக ஏறிவிட வேண்டும். அப்படி ஒரு படிதான் முக்கோணி. இதை வீட்டிலேயே, அடுப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து செய்து பார்க்கலாம். செலவு ஒன்றும் கிடையாது.

தேவையான பொருட்கள்

வெளக்கமாத்து ஈக்கு கொஞ்சம், ஒரு அடிமட்டம், ரொட்டிக்குப் பிசைந்த மாவில் சின்னச் சின்ன உருண்டைகள். இவ்வளவுதான்.

ஈக்கை அளந்து நறுக்கிக்கொள்ளுங்கள். 6 சென்ரிமீற்றரில் ஆறு துண்டு, 4 சென்ரிமீற்றரில் இரண்டு துண்டு, 5 சென்ரிமீற்றரில் ஒரு துண்டு. மூலைக்கு ஒரு மா உருண்டை வைத்து, ஈக்குகளைக் குத்தி மூன்று முக்கோணிகள் செய்யுங்கள்.

முதலாவது: 6, 6, 6.
இரண்டாவது: 6, 6, 4.
மூன்றாவது: 4, 5, 6.

மூன்றையும் பலகையில் வைத்துப் பாருங்க. மூன்றும் முக்கோணிதான். ஆனால் மூன்றுக்கும் முகம் வேறு.

பெயர் வைப்போம்

மூன்று பக்கமும் சமமாக இருப்பது சமபக்க முக்கோணி. முதலாவது இதுதான். இதை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் ஒரே மாதிரி இருக்கும். மூன்று கோணமும் சமம். எந்த முக்கோணியிலும் மூன்று கோணங்களையும் கூட்டினால் 180 பாகை. அதை மூன்றாகப் பங்கு வைத்தால் ஆளுக்கு 60 பாகை.

இரண்டு பக்கம் சமமாக இருப்பது இருசமபக்க முக்கோணி. இரண்டாவது இது. சமமான இரண்டு பக்கங்களும் சந்திக்கும் மூலையை மேலே வைத்து நிறுத்தினால் கூரை மாதிரி நிற்கும். கீழே உள்ள இரண்டு கோணங்களும் சமமாக இருக்கும். காகிதத்தில் வெட்டி நடுவில் மடித்தால் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருந்தும்.

ஒரு பக்கமும் மற்றதோடு சமமில்லாதது சமனில்பக்க முக்கோணி. மூன்றாவது இது. இதில் மூன்று கோணமும் வேறுவேறு. நீளமான பக்கத்துக்கு எதிரே பெரிய கோணம் இருக்கும், சின்னப் பக்கத்துக்கு எதிரே சின்னக் கோணம் இருக்கும்.

பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. சொல்லைப் பிரித்தாலே பொருள் வந்துவிடும். "சம" என்றால் ஒத்தது. "இருசம" என்றால் இரண்டு ஒத்தது. "சமனில்" என்றால் சமன் இல்லை.

பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வி: சமபக்க முக்கோணியிலும் இரண்டு பக்கம் சமம்தானே, அப்படியானால் அதுவும் இருசமபக்கமா? நல்ல கேள்வி. கி.மு. 300 அளவில் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் கணிதம் கற்பித்த கிரேக்க அறிஞர் யூக்கிளிட், "இரண்டு பக்கம் மட்டும்" சமமாக இருப்பதையே இருசமபக்கம் என்று வரையறுத்தார். இன்றைய கணித அறிஞர்கள் பலர் "குறைந்தது இரண்டு" என்று சொல்வார்கள். அவர்கள் கணக்கில் சமபக்கமும் இருசமபக்கத்தில் ஒரு வகை. பரீட்சையில் வகை கேட்டால் எது மிகவும் சரியாகப் பொருந்துகிறதோ அந்தப் பெயரை எழுதுங்கள். மூன்றும் சமம் என்றால் சமபக்கம் என்றே எழுத வேண்டும்.

ஏன் மூன்றே வகை?

ஒரு தாயும் மகளும் பேசிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம்.

மகள்: அம்மா, மூணு வகைதானா? நாலாவது ஒண்ணு ஏன் இல்ல?

அம்மா: மூணு பேரு கொழுந்து நிறுத்தோம்னு வச்சுக்க. எனக்கும் பெரியம்மாவுக்கும் ஒரே கிலோ. பெரியம்மாவுக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் ஒரே கிலோ. அப்ப எனக்கும் அந்த அக்காவுக்கும்?

மகள்: அதுவும் ஒரே கிலோதான்.

அம்மா: அதாம்புள்ள விசயம்.

அந்தத் தாய் சொன்னதில் முழு நிரூபணமும் இருக்கிறது. மூன்று பக்கங்களை இரண்டிரண்டாகச் சேர்த்தால் மூன்று சோடி வரும். மூன்று சோடியும் சமமானால் சமபக்கம். ஒரு சோடி மட்டும் சமமானால் இருசமபக்கம். ஒன்றும் சமமில்லை என்றால் சமனில்பக்கம். சரியாக இரண்டு சோடி மட்டும் சமமாக இருக்கவே முடியாது, ஏனென்றால் இரண்டு சோடி சமமானால் மூன்றாவதும் தானாகச் சமமாகிவிடும். ஆகவே நாலாவது வகைக்கு இடமே இல்லை.

எல்லா மூன்று ஈக்கும் முக்கோணி ஆகுமா?

இப்போது 2, 3, 7 சென்ரிமீற்றரில் மூன்று ஈக்கு நறுக்குங்கள். முக்கோணி செய்து பாருங்க. செய்ய முடியாது! 7 சென்ரிமீற்றர் ஈக்கைக் கீழே வைத்து, இரண்டு முனையிலும் மற்ற இரண்டையும் வைத்தால், அவை ஒன்றையொன்று எட்டவே எட்டாது. இரண்டும் சேர்ந்தாலே 5 தான். நடுவில் 2 சென்ரிமீற்றர் வெளி.

அடுத்து 3, 4, 7 எடுத்துப் பாருங்க. 3 உம் 4 உம் சேர்ந்து 7. முனைகள் தொடும், ஆனால் கீழ் ஈக்கின்மேல் தட்டையாகப் படுத்துவிடும். உள்ளே இடமில்லை. இதுவும் முக்கோணி அல்ல.

இதிலிருந்து விதி இது: எந்த இரண்டு பக்கத்தைக் கூட்டினாலும் மூன்றாவது பக்கத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். கையால் பார்க்கும்போது, மிக நீளமான பக்கத்தை மட்டும் எடுத்து, மற்ற இரண்டின் கூட்டுத்தொகை அதைவிடப் பெரிதா என்று பார்த்தால் போதும்.

காரணம் உங்களுக்கே தெரியும். லயத்திலிருந்து ஸ்டோருக்கு ரோட்டு வழியாகச் சுற்றிப் போவதைவிட நேராகப் போகும் குறுக்குப் பாதை கிட்ட. இரண்டு பக்கம் சுற்றி நடப்பது ஒரு பக்கம் நேரே நடப்பதைவிட எப்போதும் தூரம்தான். யூக்கிளிட் எழுதிய 'மூலங்கள்' நூலின் முதல் புத்தகத்தில் இது 20 ஆவது தேற்றம். 2,300 ஆண்டுகளாகப் படிக்கப்படும் பாடம், நமது மலைப்பாதையிலும் கிடக்கிறது.

கூரையில் முக்கோணி

இந்த விதி வீடு கட்டும்போது காசாகும். இரண்டு பக்கமும் சரிந்த கூரையை முன்னால் நின்று பாருங்க. இரண்டு கைமரமும் கீழே விட்டமும் சேர்ந்து ஒரு முக்கோணி. உச்சி நடுவில் இருந்தால் அது இருசமபக்க முக்கோணி.

விட்டம் 16 அடி என்று வைத்துக்கொள்வோம். வெளியே நீட்டி நிற்கும் ஓரத்தைச் சேர்க்காமல், கைமரம் 7 அடி என்று வெட்டினால் என்ன நடக்கும்? 7 உம் 7 உம் 14. உச்சியில் இரண்டும் சந்திக்காது. 8 அடி என்று வெட்டினால் 16. கைமரம் விட்டத்தின்மேல் படுத்துவிடும், கூரை எழும்பாது. 8 அடியைவிடக் கூடுதலாக இருந்தால்தான் கூரை. 10 அடி என்று வெட்டினால் உச்சி எவ்வளவு உயரம்? விட்டத்தின் பாதி 8. 10 ஐ 10 ஆல் பெருக்கினால் 100. 8 ஐ 8 ஆல் பெருக்கினால் 64. கழித்தால் 36. அது 6 இன் வர்க்கம். ஆகவே உச்சி 6 அடி உயரம். இதுதான் பைதகரசின் தேற்றம். மரத்தை வெட்டிய பிறகு நீட்ட முடியாது. வெட்டுவதற்கு முன்னால் பாடசாலைப் பிள்ளையைக் கூப்பிட்டு இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள்.

அத்திவாரம் வெட்டும்போது மேசன்மார் 3 அடி, 4 அடி, 5 அடி அளந்து மூலை மட்டம் பார்ப்பார்கள். அது ஒரு சமனில்பக்க முக்கோணி. 3 அடிப் பக்கமும் 4 அடிப் பக்கமும் சந்திக்கும் மூலை சரியாக 90 பாகையாக இருக்கும்.

இன்னொன்று. மா உருண்டை வைத்து நாலு ஈக்கில் ஒரு சதுரம் செய்து மெதுவாகத் தள்ளிப் பாருங்க, சாய்ந்துவிடும். முக்கோணி அப்படிச் சாயாது. மூன்று பக்கத்தின் நீளமும் முடிவானால் அதன் வடிவமும் முடிவாகிவிடும். படலைக்குக் குறுக்கே ஒரு சட்டம் அடிப்பது இதற்காகத்தான். அந்தச் சட்டம் நாலு மூலையை இரண்டு முக்கோணியாக்கிவிடுகிறது.

இனிக் கணனிக்குச் சொல்லுவோம்

பாடசாலையில் கணனி இருக்கும் பிள்ளைகள் இதைச் செய்து பார்க்கலாம். இல்லாத பிள்ளைகளுக்கும் வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறோம்.

கணனிக்கு ஈக்கும் தெரியாது, கூரையும் தெரியாது. அதற்குத் தெரிந்தது எண்ணும், நாம் சொல்லும் கட்டளையும்தான். கட்டளைகளை வரிசையாக எழுதுவதற்குப் பெயர் நிகழ்ச்சித்திட்டம், அதாவது புரோகிராம். 1964 இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜோன் கெமெனி, தோமஸ் கர்ட்ஸ் என்ற இரண்டு கணித ஆசிரியர்கள், கணனியைத் தொழிலாகப் படிக்காத மாணவர்களும் எழுதக்கூடியதாக பேசிக் என்ற மொழியை உண்டாக்கினார்கள். அதில் ஒவ்வொரு வரிக்கும் நம்பர் போடுவார்கள். நாம் அதே முறையில் தமிழில் எழுதுவோம். பக்கங்களுக்கு அ, ஆ, இ என்று பெயர்.

10 கேள்: அ, ஆ, இ
20 அ = ஆ, ஆ = இ இரண்டும் உண்மையானால் "சமபக்க முக்கோணி" என்று எழுது; 50 க்குப் போ
30 அ = ஆ, அல்லது ஆ = இ, அல்லது இ = அ என்றால் "இருசமபக்க முக்கோணி" என்று எழுது; 50 க்குப் போ
40 "சமனில்பக்க முக்கோணி" என்று எழுது
50 முடி

வரி 20 இல் இரண்டு சோடியை மட்டுமே கேட்டோம். மூன்றாவது சோடியைக் கேட்கத் தேவையில்லை. ஏன் என்று அந்தத் தாய் மேலே சொல்லிவிட்டார்.

வரிகளின் ஒழுங்கும் முக்கியம். 30 ஐ முதலில் வைத்து 20 ஐப் பின்னால் வைத்தால், 6, 6, 6 கொடுத்தாலும் கணனி "இருசமபக்கம்" என்று எழுதி முடித்துவிடும். ஆகவே கடுமையான கேள்வியை முதலில் கேட்க வேண்டும்.

கணனி சொன்னால் சரியாகத்தான் இருக்குமா?

இப்போது இந்தப் புரோகிராமுக்கு 2, 3, 7 கொடுங்கள். என்ன சொல்லும்? "சமனில்பக்க முக்கோணி" என்று சொல்லும்! ஈக்கில் செய்ய முடியாத முக்கோணியைக் கணனி இருக்கிறது என்கிறது. 4, 4, 8 கொடுத்தால் "இருசமபக்கம்" என்னும். 0, 0, 0 கொடுத்தால் பக்கமே இல்லாததைச் "சமபக்கம்" என்னும்.

கணனி பொய் சொல்லவில்லை. நாம் கேட்கச் சொல்லாததை அது கேட்கவில்லை, அவ்வளவுதான். ஆகவே ஒரு வரியை இடையில் சேர்ப்போம். பேசிக்கில் 10, 20, 30 என்று பத்துப் பத்தாக நம்பர் போடுவது இப்படி இடையில் சேர்க்க இடம் விடத்தான்.

15 அ + ஆ > இ, ஆ + இ > அ, இ + அ > ஆ ஆகிய மூன்றில் ஒன்றாவது பொய்யானால் "முக்கோணி இல்லை" என்று எழுது. 50 க்குப் போ

மூன்றையும் ஏன் கேட்க வேண்டும்? முதலாவதை மட்டும் கேட்டால் 2, 3, 7 பிடிபடும். ஆனால் அதையே 7, 2, 3 என்று மாற்றிக் கொடுத்தால் 7 உம் 2 உம் 9, அது 3 ஐவிடப் பெரிது. தப்பு நுழைந்துவிடும். நீளமானது எந்த இடத்தில் வரும் என்று கணனிக்குத் தெரியாது.

இந்த ஒரு வரி பூச்சியத்தையும் மறை எண்ணையும்கூடத் தானாகவே தடுத்துவிடும். மூன்று கூற்றும் உண்மையானால் மூன்று பக்கமும் பூச்சியத்தைவிடப் பெரிதாகத்தான் இருக்க முடியும். உயர்வகுப்புப் பிள்ளைகள் முதலாவது கூற்றையும் மூன்றாவது கூற்றையும் கூட்டிப் பார்த்து இதை நிறுவுங்கள்.

இது சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். 1979 இல் கிளென்போர்ட் மையர்ஸ் என்ற அமெரிக்கக் கணனி அறிஞர், புரோகிராம்களைச் சோதிப்பது பற்றி எழுதிய நூலை இதே முக்கோணிக் கணக்கோடுதான் தொடங்கினார். இதைச் சோதிக்க என்னென்ன எண்கள் கொடுப்பீர்கள் என்று கேட்டு, 14 கேள்விகளால் புள்ளி போடச் சொன்னார். நல்ல அனுபவமுள்ள தொழில்காரர்களே சராசரியாக 7.8 புள்ளிதான் எடுத்தார்கள் என்று அதில் எழுதியிருக்கிறார். நம் பிள்ளைகள் இதை யோசித்துச் செய்தால் அவர்களுக்குப் பக்கத்தில் நிற்கலாம்.

சோதித்துப் பார்க்க எண்கள்

6, 6, 6: சமபக்கம்.
6, 6, 4. 6, 4, 6. 4, 6, 6: மூன்று ஒழுங்கிலும் இருசமபக்கம்.
4, 5, 6: சமனில்பக்கம்.
4, 4, 8: முக்கோணி இல்லை.
2, 3, 7. 3, 7, 2. 7, 2, 3: முக்கோணி இல்லை.
0, 0, 0: முக்கோணி இல்லை.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, அலகு. 1 அடி, 12 அங்குலம் இரண்டும் ஒரே நீளம். ஆனால் கணனிக்குப் போவது 1 உம் 12 உம். எல்லாவற்றையும் ஒரே அலகுக்கு மாற்றிவிட்டுக் கொடுங்கள். இரண்டு, தசமம். பைதன் போன்ற மொழிகளில் 0.1 ஐயும் 0.2 ஐயும் கூட்டினால் கணனிக்கு 0.3 ஐவிட மிக மிகச் சிறிய அளவு கூடுதலாக வரும். அதனால் 0.1, 0.2, 0.3 என்ற தட்டையான மூன்றையும் முக்கோணி என்று சொல்லிவிடும். மீற்றரில் கொடுக்காமல் மில்லிமீற்றரில் 100, 200, 300 என்று முழு எண்ணாகக் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

கணனி இல்லாத பிள்ளைகளுக்கு

மூன்று பேர் உட்காருங்கள். ஒருவர் எண் கொடுப்பவர். ஒருவர் கணனி. ஒருவர் ஈக்கில் செய்து பார்ப்பவர். கணனியாக இருப்பவர் சொந்தப் புத்தியைப் பாவிக்கக் கூடாது, வரி வரியாக வாசித்து அதன்படி மட்டும் நடக்க வேண்டும். கணனியின் விடையும் ஈக்கின் விடையும் வேறாக வந்தால், எந்த வரியில் பிழை என்று மூவரும் சேர்ந்து தேடுங்கள். ஒரு பின்னேரம் இப்படி விளையாடினால் புரோகிராம் என்றால் என்னவென்று நன்றாக விளங்கிவிடும்.

பயிற்சிகள்

எந்த வகை என்று சொல்லுங்கள்.

1. 9, 9, 9
2. 5, 8, 5
3. 5, 5, 10
4. 1 அடி, 12 அங்குலம், 1 அடி
5. ஓர் இருசமபக்க முக்கோணியின் இரண்டு பக்கங்கள் 4, 9. மூன்றாவது பக்கம் என்ன?
6. எரிந்த தீக்குச்சி 12 எடுங்கள். ஒரே நீளமுள்ள குச்சிகளாகப் பார்த்து எடுங்கள். ஒன்றையும் முறிக்காமல், 12 ஐயும் பாவித்து எத்தனை விதமான முக்கோணி செய்யலாம்?

விடைகள்

1. சமபக்கம்.
2. இருசமபக்கம்.
3. முக்கோணி இல்லை.
4. சமபக்கம். மூன்றும் 12 அங்குலம்.
5. 9. மூன்றாவது 4 ஆக இருந்தால் 4 உம் 4 உம் 8, அது 9 ஐ எட்டாது.
6. மூன்று விதம்: 4, 4, 4, 5, 5, 2, 3, 4, 5. ஒவ்வொரு வகையிலும் சரியாக ஒன்று!

பெற்றோருக்கு

எழுத்து வாசிக்கத் தெரியாத பெற்றோரும் இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுக்கலாம். பிள்ளை விடை சொன்னதும் "எப்படித் தெரியும்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள், போதும். ஈக்கை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காரணம் சொல்லத் தெரிந்த பிள்ளை பரீட்சை மண்டபத்தில் தடுமாறாது.

இந்தப் பழக்கம் பெரியவர்களுக்கும் உதவும். சம்பளத் துண்டு கணனியில் அச்சாகி வந்தது என்பதற்காக அது பிழைக்காது என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே போட்ட எண் பிழையென்றால் வெளியே வரும் எண்ணும் பிழைதான். தினமும் நிறுத்த கிலோவை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், அல்லது பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். மாதம் முடிந்ததும் துண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் கொப்பியைக் காட்டிக் கேட்கலாம். 2, 3, 7 என்று கொடுத்ததும் "இது முக்கோணி இல்லை" என்று சொல்லத் தெரிந்த பிள்ளை, நாளைக்கு அந்தத் துண்டையும் சரி பார்த்துத் தரும்.